ஆண்பிள்ளையின் பிறந்தநாள்: வயதுக்கேற்ற விழா, கைக்கேற்ற செலவு



இம்மாதம் எமது பகுதியில் பிள்ளைகளின் பிறந்தநாள் பற்றிப் பேசுவோம். கேக் வெட்டிப் பாட்டுப் பாடும் ஒரு நாளைப் பற்றி எழுத என்ன இருக்கின்றது என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ஒரு தாய் தனியாக உழைத்துக் குடும்பத்தை நடத்தும் வீட்டில் அந்த ஒரு நாளுக்குள் எத்தனையோ கேள்விகள் இருக்கின்றன. காசுக்கு எங்கே போவது? யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது? தகப்பன் இல்லாத வீட்டில் விழா எடுத்தால் ஊர் என்ன சொல்லும்? எடுக்காமல் விட்டால் பிள்ளை மனம் உடைந்து போகாதா? இந்தக் கேள்விகளோடு இரவில் நித்திரை வராமல் படுத்திருக்கும் தாய்மார் எம்மிடையே பலர்.

ஆண்பிள்ளைகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பெண்பிள்ளை பெரியவளானால் எமது சமூகம் சாமத்தியச் சடங்கு செய்து, தண்ணீர் வார்த்து, சேலை உடுத்தி, அவள் வாழ்வில் ஒரு படி ஏறிவிட்டாள் என்று ஊருக்கே சொல்லுகின்றது. அந்தச் சடங்கின் ஆடம்பரம் சரியா பிழையா என்பது வேறு விடயம். ஆண்பிள்ளைக்கு அப்படி எதுவும் இல்லை. குரல் உடையும், மீசை அரும்பும், ஒரு நாள் தாயை விட உயரமாக நிற்பான். அவன் வளர்ந்ததை வீடு அவனுக்குச் சொல்லும் நாளாக ஆண்டுதோறும் வருவது பிறந்தநாள் ஒன்றுதான். ஆகவே அது ஒவ்வொரு வயதிலும் அந்த வயதின் தேவைக்கு ஏற்றதாக அமைய வேண்டும்.

பல்லுக் கொழுக்கட்டை முதல் முதலாம் பிறந்தநாள் வரை

எமது முன்னோர் குழந்தைக்கென வைத்த முதல் விழாக்களில் ஒன்று பல்லுக் கொழுக்கட்டை. பல் முளைக்கும் காலத்தில் பிள்ளையை இருத்தி, தலையை வெள்ளைத் துணியால் மூடி, தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போல் செருகிய கொழுக்கட்டைகளைத் தலையில் மெல்லச் சொரிவார்கள். முன்னால் புத்தகம், பேனை, காசு, நகை என்று வைத்து, பிள்ளை எதைத் தொடுகின்றது என்று பார்த்துச் சிரிப்பார்கள். அரிசிமா, பயறு, சர்க்கரை, தேங்காய் இருந்தால் போதும். அயலில் உள்ள பத்துப் பேரோடு ஒரு பின்னேரத்தில் நிறைவாகச் செய்துவிடலாம். மண்டபமும் வேண்டாம், மேடை அலங்காரமும் வேண்டாம்.

முதலாம் பிறந்தநாளுக்குத்தான் இன்று அதிகம் செலவாகின்றது. ஆனால் ஒரு வயதுப் பிள்ளைக்குக் கூட்டமும் பாட்டுச் சத்தமும் பயத்தையே கொடுக்கும். பெரும்பாலான முதலாம் பிறந்தநாள் படங்களில் பிள்ளை அழுதுகொண்டிருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். காலையில் கோயிலிலோ தேவாலயத்திலோ பிள்ளையின் பெயரில் ஒரு வழிபாடு, பின்னேரம் நெருங்கிய உறவினரோடு ஒரு சிறிய கேக் என்று வைத்துக்கொண்டால் பிள்ளை சிரித்த முகத்தோடு இருக்கும். பிள்ளை நித்திரை கொள்ளும் நேரத்தைத் தவிர்த்து விழா நேரத்தைத் தெரிவு செய்யுங்கள்.

சிறு பிள்ளைகள் வரும் விழாவில் ஒரு கவனம் வேண்டும். கச்சான், மிக்சர், கடலை, குமிழாகக் கட்டிய ஜெலி ஆகியவை தொண்டையில் அடைக்கக்கூடியவை. வெடித்த பலூனின் இறப்பர்த் துண்டும் அப்படியே. அவற்றைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மூன்று முதல் ஐந்து வயது

மூன்று வயதில் ஏடு தொடக்கி, முன்பள்ளிக்குப் போகத் தொடங்கும் காலம் இது. மற்றப் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்து, "எனக்கு எப்ப?" என்று கேட்கும் வயதும் இதுதான். பத்துப் பதினைந்து பிள்ளைகளை ஒரே இடத்தில் மேய்ப்பது எந்தத் தாயாலும் முடியாது. நாலு வயதென்றால் நாலைந்து பிள்ளைகள் போதும். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நீட்டவும் வேண்டாம்.

முன்பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதாவது கொடுக்க விரும்பினால், ஆசிரியையிடம் முன்கூட்டியே கேட்டு, வாழைப்பழமும் அவித்த கௌபியும் அல்லது சின்னக் கேக் துண்டும் கொடுக்கலாம். ஒரு பிள்ளை பென்சிலும் ரொபியும் நிரம்பிய பொதி கொடுத்தால் அடுத்த பிள்ளையின் தாய் அதைவிடப் பெரிதாகக் கொடுக்க வேண்டியவளாகின்றாள். அந்தப் போட்டியை நீங்கள் தொடக்கி வைக்காதீர்கள்.

இந்த வயதில் பாட்டு, சங்கீதக் கதிரை, யானைக்குக் கண் வைத்தல் போன்றவை நன்கு பிடிக்கும். யானையைப் பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் கரியால் நீங்களே வரையலாம். தோற்ற பிள்ளைக்கும் ஒரு ரொபி கொடுங்கள்.

ஆறு முதல் பத்து வயது

பாடசாலை நண்பர்கள் வாழ்க்கையில் நுழையும் காலம். இந்த வயது ஆண்பிள்ளைகளுக்கு ஓட வேண்டும், குதிக்க வேண்டும், வெல்ல வேண்டும். அவர்களைக் கதிரையில் வரிசையாக இருத்திச் சிற்றுண்டித் தட்டைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் அடிபாடு தொடங்கிவிடும். முதலில் விளையாட்டு, பிறகு கேக், பிறகு சாப்பாடு என்று ஒழுங்கு செய்யுங்கள்.

விளையாட்டுக்குக் காசு தேவையில்லை. கிளித்தட்டு, கிட்டிப்புள்ளு, போளை அடித்தல், சாக்கு ஓட்டம், தேசிக்காயும் கரண்டியும், முட்டி உடைத்தல் என்று எமது முற்றங்களில் இருந்த விளையாட்டுகள் எத்தனை! முட்டிக்குள் தண்ணீரோடு நாலு ரொபியும் பூவிதழும் போட்டுக் கட்டிவிட்டால் அதுவே விழாவின் உச்சமாகிவிடும். பங்குனி, சித்திரையில் பிறந்த பிள்ளையென்றால் வெயில் தாழ்ந்தபின் நாலரை மணிக்குத் தொடங்குங்கள். தைப் பொங்கலை அண்டிப் பிறந்தவனுக்கு வடமராட்சிப் பிள்ளைகளைப் போலப் பட்டம் கட்டி ஏற்றுவதே விழாவாகலாம்.

வரும் பிள்ளைகளில் ஒருவனுக்குக் கால் இல்லாமலோ கண் பார்வை குறைந்தோ இருந்தால், அவனும் சேர்ந்து ஆடக்கூடிய விளையாட்டாகத் தெரிவு செய்யுங்கள். நடுவராக நிற்கச் சொல்லி ஓரத்தில் விடுவது அவனை மகிழ்விக்காது. போளை, கரம், தாயம் போன்றவற்றில் எல்லோரும் சமம்.

பட்டாசும் வெடியும் வேண்டாம். பிள்ளைகள் யுத்தத்தின் பின் பிறந்தவர்களாக இருக்கலாம். ஆனால் திடீர் வெடிச் சத்தத்துக்கு இன்றும் நெஞ்சு படபடக்கும் அம்மம்மா அதே வீட்டில் இருக்கின்றாள். மீள்குடியேறிய பகுதிகளில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் பந்து போனால் எடுக்கப் போகக் கூடாது என்பதையும், இனம் தெரியாத இரும்புப் பொருளைத் தொடாமல் பெரியவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் விளையாடத் தொடங்குமுன் சொல்லிவிடுங்கள்.

பத்து வயதில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வரும். "பாஸ் பண்ணினால்தான் பிறந்தநாள்" என்று சில பெற்றோர் சொல்லுகின்றார்கள். பிறந்ததற்கான மகிழ்ச்சி புள்ளிக்குக் கிடைக்கும் பரிசல்ல. அதைப் பரீட்சையோடு முடிச்சுப் போடாதீர்கள்.

வீட்டிலேயே ஒரு கேக்

கடையில் வாங்கும் அலங்காரக் கேக்குக்குக் கொடுக்கும் காசில் பெரும் பகுதி மேலே பூசும் ஐசிங்குக்கே போகின்றது. வீட்டில் செய்வதற்கு 250 கிராம் மாஜரீன், 250 கிராம் சீனி, 250 கிராம் கோதுமை மா, 5 முட்டை, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 1 தேக்கரண்டி வனிலா போதும். மாஜரீனையும் சீனியையும் நுரைக்க அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்து, பேக்கிங் பவுடருடன் அரித்த மாவை மெதுவாகக் கலந்து வனிலா விடுங்கள். இருபது சிறு துண்டுகள் வரும்.

வெதுப்பி இல்லையே என்று யோசிக்க வேண்டாம். அடி கனமான பெரிய பானையில் இரண்டு அங்குல உயரத்துக்குக் காய்ந்த சுத்தமான மணலைப் பரப்பி, மூடி, பத்து நிமிடம் சூடேற்றுங்கள். கேக் தட்டை மணலின் மேல் வைத்து உலோக மூடியால் மூடி, மூடியின் மேல் கொஞ்சம் தணல் பரப்பி, மெல்லிய நெருப்பில் முக்கால் மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை விடுங்கள். ஈர்க்கால் குத்திப் பார்க்க மா ஒட்டாமல் வந்தால் கேக் வெந்துவிட்டது.

கேக்கோடு வடை, அவித்த கடலை, மோதகம், தேசிக்காய்த் தண்ணீர் போதுமானவை. பல சமயத்துப் பிள்ளைகளும் வருவார்களானால் மாமிசம் சேர்க்காத சிற்றுண்டி எல்லோருக்கும் பொருந்தும்.

பதினொன்று முதல் பதினைந்து வயது

மேலே சொன்ன, குரல் உடையும் வயது இது. இந்த வயதில்தான் பெரும்பாலான வீடுகளில் பிறந்தநாள் நின்றுவிடுகின்றது. "இனி என்ன சின்னப் பிள்ளையா?" என்கின்றோம். அவனும் "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்கின்றான். அந்தப் பேச்சை அப்படியே நம்பிவிடாதீர்கள். தாயின் கையில் காசில்லை என்பதை அறிந்து ஆசையை விழுங்கிய பிள்ளைகள் பலர் அப்படித்தான் சொல்லுவார்கள்.

அவனுக்குப் பலூனும் தொப்பியும் வேண்டாம். நண்பர்களின் முன் முத்தமிட்டுக் கேக் ஊட்டினால் வெட்கப்படுவான். நாலு நண்பர்களை அழைத்து, முற்றத்தில் ஒரு மென்பந்து கிரிக்கெட் ஆட்டம், பிறகு வயிறு நிறையக் கொத்துரொட்டி அல்லது கோழிக்கறியும் இடியப்பமும் என்று வைத்தால் மகிழ்ச்சி. யாரைக் கூப்பிடுவது, என்ன சமைப்பது என்று அவனிடமே கேளுங்கள். "இவ்வளவு காசு இருக்கின்றது, நீயே திட்டம் போடு" என்று கொடுத்துப் பாருங்கள். கணக்குப் பார்க்கவும் சந்தைக்குப் போய் விலை பேசவும் கற்றுக்கொள்ளுவான். சமைப்பதிலும் பாத்திரம் கழுவுவதிலும் அவன் கை கொடுக்கட்டும். அது பெண்பிள்ளையின் வேலை என்ற எண்ணம் பிறந்தநாளில் கூடத் தொடர வேண்டாம்.

நண்பர்கள் குளத்துக்கோ கடலுக்கோ குளிக்கப் போவதென்றால் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

பதினைந்து வயது நிறைந்ததும் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்து, பெயர், திகதி, தந்தை பெயர் எல்லாம் சரியா என்று அந்தப் பிறந்தநாளிலேயே இருவரும் சேர்ந்து பாருங்கள். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். இடப்பெயர்வுக் காலத்தில் பிறந்த பல பிள்ளைகளின் பதிவு பிந்தியும் பிழையாகவும் நடந்தது. பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளரிடம் திருத்தம் கேட்கலாம். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது ஓடித் திரிவதைவிட இது நல்லது.

பதினாறு முதல் இருபத்தொரு வயது

2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் வன்னியில் பதுங்குகுழி ஓரங்களிலும், பின்னர் செட்டிகுளம் முகாம்களிலும் பிறந்த குழந்தைகள் இன்று பதினாறு வயதைக் கடந்துவிட்டார்கள். இந்த வயதில் விழாவை நண்பர்களே நடத்துகின்றார்கள். முட்டையும் மாவும் எண்ணெயும் தலையில் கொட்டுவதும், வாளால் கேக் வெட்டிப் படமெடுத்து முகநூலில் போடுவதும் சில இடங்களில் பரவியிருக்கின்றன. அந்தப் படத்தால் பொலிஸ் நிலையம் வரை போக நேரிடலாம் என்பதை மகனிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

மதுவும் இந்த வயதில்தான் வாசலுக்கு வருகின்றது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுவையோ சிகரெட்டையோ விற்பது குற்றம். "ஆம்பிளைப் பிள்ளை, ஒரு நாள்தானே" என்று சொல்லும் மாமாமாருக்கும் சித்தப்பாமாருக்கும் இதை நீங்கள் எடுத்துச் சொல்லலாம். விழா எங்கள் வீட்டில், சாப்பாடு எங்கள் கையால், மது இல்லை என்று முன்னரே சொல்லிவிடுங்கள். வீட்டில் இடம் கொடுத்தால் அவன் மதகடியிலும் பாழ் வளவிலும் இடம் தேட மாட்டான். சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுப்பது பரிசாகாது.

பதினெட்டு வயதில் அவன் சட்டப்படி வளர்ந்தவன். அந்த நாளில் வாக்காளர் இடாப்பில் பெயர் பதிவது பற்றிப் பேசுங்கள். கண்ணாடி போட்டு வைத்த தகப்பனின் படமோ மணிக்கூடோ இருந்தால் அவனிடம் ஒப்படைக்கலாம். பெரிய விருந்தைவிட அது நெடுநாள் மனதில் நிற்கும்.

கடன் வாங்கி விழா வேண்டாம்

ஓர் உதாரணம் பார்ப்போம். விழாவுக்கென 24,000 ரூபாய் கடன் எடுத்து, வாரம் 1,250 ரூபாய் வீதம் 24 வாரம் கட்டினால் மொத்தம் 30,000 ரூபாய். கேக் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். கட்டுக் காசு ஆறு மாதம் வாசலில் வந்து நிற்கும். வாரக் கடன் எமது பெண்களை எந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்பதை நாம் அறிவோம். 2018ஆம் ஆண்டில் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு பகுதி நுண்கடனை அரசு தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததே!

மாறாக, நாளுக்கு 20 ரூபாய் உண்டியலில் போட்டால் ஆண்டுக்கு 7,300 ரூபாய் சேரும். பத்துப் பிள்ளைகளோடு வீட்டில் செய்யும் விழாவை அதற்குள் அடக்கப் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து மாமா காசு அனுப்பினால் நன்றியோடு வாங்குங்கள். ஆனால் அவர் பார்க்கப்போகும் வீடியோவுக்காக மண்டபம் எடுக்க வேண்டாம். விழாவுக்கு ஒரு பங்கு வைத்து, மீதியை வங்கியில் மகனின் பெயரில் சிறுவர் கணக்கில் போட்டு, புத்தகத்தின் படத்தை அவருக்கு அனுப்புங்கள். அவரும் மகிழ்வார்.

வீட்டில் பெண்பிள்ளையும் இருந்தால் அண்ணனுக்கு ஒரு கிலோ கேக், தங்கைக்கு ஒரு ரொபி என்று வைக்காதீர்கள். பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அளந்துகொண்டே இருக்கின்றார்கள்.

தகப்பன் இல்லாத வீட்டில்

சகோதரிகளே, கடைசியாகச் சொல்வதே முக்கியமானது.

பிறந்தநாள் வந்தால் கணவனின் நினைவு வரும். அது இயல்பு. சித்திரை, வைகாசியில் பிறந்த பிள்ளையென்றால் நினைவுநாளும் பிறந்தநாளும் ஒன்றையொன்று இடிக்கும். காலையில் விளக்கேற்றி இறந்தவரை நினைத்து அழுங்கள். பின்னேரத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். மனம் ஒப்பவில்லையென்றால் அடுத்த சனிக்கிழமைக்கு விழாவை மாற்றுங்கள். "அப்பா எப்ப வருவார்?" என்று காணாமல் ஆக்கப்பட்டவரின் பிள்ளை கேட்டால், "எங்களுக்குத் தெரியாது, தேடிக்கொண்டிருக்கின்றோம்" என்று உண்மையைச் சொல்லுங்கள். அடுத்த பிறந்தநாளுக்கு வருவார் என்று நாள் குறித்துக் கொடுக்காதீர்கள்.

"நீ பிறந்த நேரம்தான் அப்பா போனார்", "தகப்பனை விழுங்கினவன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். எறிகணை சாதகம் பார்த்து விழவில்லை. பிள்ளை பிறந்த கதையை நீங்களே அவனுக்குச் சொல்லுங்கள். எந்த ஊரில், எந்த மழையில், யார் கை கொடுத்தார்கள், யார் தங்கள் பங்குக் கஞ்சியைத் தந்தார்கள் என்று சொல்லுங்கள். அந்தத் துன்பத்தின் நடுவே வந்த நல்ல செய்தி தான்தான் என்று அவன் அறியட்டும்.

"இனி நீதான் இந்த வீட்டுக்கு ஆம்பிளை" என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். தகப்பனின் சுமையைப் பிள்ளையின் தோளில் பிறந்தநாள் பரிசாக வைப்பது அது. அன்று அவன் பிள்ளையாகவே இருக்கட்டும்.

இனி உங்களைப் பற்றி. கேக் வெட்டும் நேரத்தில், பொட்டில்லாத தாய் முன்னுக்கு நிற்கக் கூடாது என்று சொல்லி அடுப்படிக்குள் ஒதுங்கும் பெண்கள் இன்றும் இருக்கின்றார்கள். மாமியோ பெரியம்மாவோ பிள்ளையின் கையைப் பிடித்துக் கேக் வெட்ட, பெற்றவள் கதவோரம் நின்று பார்க்கின்றாள். இப்படியே வளரும் மகன், துணையை இழந்த பெண் ஒதுங்க வேண்டியவள் என்று கற்றுக்கொள்ளுகின்றான். பெற்றவளின் கையைவிட மங்களமான கை அந்தப் பிள்ளைக்கு உலகில் இல்லை. விளக்கை நீங்கள் ஏற்றுங்கள். திருநீறோ சந்தனமோ சிலுவை அடையாளமோ, அவன் நெற்றியில் நீங்கள் இடுங்கள். கத்தியை அவனோடு சேர்ந்து நீங்கள் பிடியுங்கள். படத்தில் அவனுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அந்தப் படத்தை இருபது ஆண்டுகளின் பின் அவன் தன் பிள்ளைக்குக் காட்டும்போது, அதில் அம்மா இருக்க வேண்டும்.